களிற்றுக்குப் பிடி, சித்திக்கு?

என் மகளுக்கு இந்த வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. எழுதப்போவது அவள், பயப்படுவது நான். எல்லாத் தாய்மாரும் இப்படித்தானா, நான் மட்டும்தான் இப்படியா என்று யாரிடமாவது கேட்கலாம் என்றால், கேட்பதற்கும் பயமாக இருக்கிறது.

சென்ற கிழமை அவள் ஒரு மாதிரி வினாத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒரு கேள்விக்குச் சிவப்புப் பேனையால் பிழை போட்டிருந்தது. களிறு : பிடி என்பதைப் போன்ற சோடி எது என்பது கேள்வி. பசு : கன்று, பிணை : கலை, சேவல் : பேடு, புலி : பறழ் என்று நான்கு விடைகள். மகள் பிணை : கலைக்குக் கீழே கோடு போட்டிருந்தாள். களிறு ஆண் யானை, பிடி பெண் யானை, கலை ஆண் மான், பிணை பெண் மான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் அவளை விழுத்திவிட்டது. கேள்வியில் ஆண் முன்னுக்கு நிற்கிறது. அவள் எடுத்த விடையில் பெண் முன்னுக்கு நிற்கிறது. சரியான விடை சேவலும் பெட்டைக்கோழியான பேடும். கொழும்பில், வெள்ளவத்தையில் பிறந்து வளரும் பிள்ளை. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் கண்டதைத் தவிர அவளுக்கு மானும் தெரியாது, யானையும் தெரியாது.

"திருப்பிப் பாத்தனியே?" என்று கேட்டேன்.

"அப்பிடியெண்டா என்ன அம்மா?"

அப்போதுதான், அந்த முறையை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவேயில்லை என்பது உறைத்தது. சொல்லிக் கொடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ரீச்சர் உப்பிடிச் சொல்லித் தரேல்லையே" என்றாள். எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டிலுள்ள வழிகாட்டிப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். தொகுதிச் சொற்கள் இருந்தன, இளமைப் பெயர்கள் இருந்தன, ஆண்பால் பெண்பால் அட்டவணை இருந்தது. திருப்பிப் பார்ப்பது என்று எதிலும் இல்லை. பரீட்சை கிட்டும் நேரத்தில் பிள்ளையைக் குழப்பிவிட்டேனோ என்று யோசித்தபடி அன்று பருப்பை அடிப்பிடிக்க விட்டேன்.

அந்த முறை எனக்குச் சித்தியிடமிருந்து வந்தது. அதைச் சொல்ல வெளிக்கிட்டால் அந்தப் பின்னேரத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அப்போதும் நாங்கள் வெள்ளவத்தையில்தான் இருந்தோம். கோல் ரோட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பழைய தொடர்மாடியின் மூன்றாம் மாடி. அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. முன்னறையில் ஒரு சன்னல் இருந்தது. அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டும். பட்டப்பகலிலும் அங்கே ரியூப் லைற் எரியும். சித்தியும் நானும் படுக்கும் அறை வேறு மாதிரி. அதன் சன்னலுக்குக் கீழே தண்டவாளம், தண்டவாளத்துக்கு அப்பால் கடல். பின்னேரமானால் வெயில் உள்ளே வந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிடும்.

அந்தச் சன்னலடியில் ஒரு மடக்கு மேசை. அதன் ஒரு பக்கத்தில் நான், மறுபக்கத்தில் சித்தி. நான் புலமைப்பரிசிலுக்குப் படித்தேன். சித்தி அரசாங்க உத்தியோகத்துக்கான ஒரு போட்டிப் பரீட்சைக்குப் படித்தார். புறக்கோட்டையில் ஒரு இறக்குமதிக் கம்பனியில் அவருக்குக் கணக்கு எழுதும் லிகிதர் வேலை. பின்னேரம் பஸ்ஸில் இடிபட்டு வந்து, முகம் கழுவி, தேத்தண்ணிக் கோப்பையுடன் என் முன்னால் உட்காருவார். இரண்டு பேரின் நுண்ணறிவுத் தாள்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், எனக்குக் கேள்வியைச் சுற்றிப் படம் போட்டிருக்கும், சித்திக்குப் போட்டிருக்காது.

சித்திக்குக் கணக்குத் தண்ணீர் மாதிரி. சோடிச் சொற்களில்தான் தடக்குப்படுவார். நான் பாடமாக்கி வைத்திருந்தேன். "குறவன்?" என்று அவர் கேட்பதற்குள் "குறத்தி" என்பேன். "இடையன்?" "இடைச்சி." "பாணன்?" "பாடினி." "உனக்கு உதெல்லாம் எப்பிடி வாயில நிக்குது?" என்று வியப்பார். அந்த மேசையில் நான்தான் மூத்தவள் என்று எனக்கொரு எண்ணம் இருந்தது.

ஆனால் பாடமாக்கியவள் கேள்வி கொஞ்சம் சுழன்றால் விழுந்துவிடுவாள். களிறு : பிடி என்று கேட்டால் பசு : கன்று என்று எழுதிவிடுவேன். இரண்டும் மிருகம், இரண்டும் ஒரே இனம், பிறகென்ன? ஒருநாள் சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் வந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது ஒன்று கண்டுபிடித்தாராம்.

"எந்தச் சோடியெண்டாலும் வசனமாச் சொல்லு. பிறகு ரெண்டு பேரையும் இடம் மாத்திப் போட்டுச் சொல்லு. நிண்டா ஆண் பெண். விழுந்தா வேற ஏதோ."

சொல்லிப் பார்த்தோம். களிற்றின் சோடி பிடி. இடம் மாற்றினால், பிடியின் சோடி களிறு. நிற்கிறது. பசுவின் பிள்ளை கன்று. இடம் மாற்றினால், கன்றின் பிள்ளை பசு. விழுந்துவிட்டது. நின்ற சோடிகளை மட்டும் எடுத்து, பிறகு யார் முன்னுக்கு நிற்கிறார்கள் என்று பார்த்தால் விடை வந்துவிடும். அன்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கேள்வியும் பிழைக்கவில்லை. சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினார். கால் மேசையில் பட்டு மை போத்தல் விழுந்தது.

அதன் பிறகு எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. யார் என்ன சொன்னாலும் திருப்பிப் பார்ப்பேன். மனதுக்குள் அல்ல, வாய்விட்டு.

"அப்பா பேப்பர் பாக்கிறார், அம்மா தேத்தண்ணி போடுறா. திருப்பினா, அம்மா பேப்பர் பாக்கிறா, அப்பா தேத்தண்ணி போடுறார். விழுந்திட்டுது!"

"என்ன விழுந்தது?" என்று அப்பா கதிரைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

இன்னொருநாள் அப்பாவின் சிநேகிதர் ஒருவர், பிள்ளைகள் பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று எனக்குப் புத்தி சொன்னார். "பெரியாக்கள் பிள்ளையளுக்கு மரியாதை குடுக்க வேணும். நிக்குதே அங்கிள்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அறைக்குள்ளிருந்து சித்தி சிரித்த சத்தம் கேட்டது. அவர் போன பிறகு அம்மா, "உதை ஏன் இவளுக்குப் பழக்கினனி?" என்று தங்கையைத்தான் ஏசினார்.

இது இப்படி இருக்க, எனக்கு ஒரு மனக்குறையும் இருந்தது. எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் சோடி இருந்தது. மாமா என்றால் மாமி. பெரியம்மா என்றால் பெரியப்பா. சித்தி மட்டும் தனியே நின்றார். அவருக்கு எதிரே ஒரு புள்ளிக்கோடு போட்டு யாரோ விடைக்கு இடம் விட்டிருப்பதுபோல எனக்குப் படும். சித்தப்பா என்று கூப்பிட ஒருவர் வந்தால் அந்த இடம் நிரம்பிவிடும். எனக்கும் கலியாணத்துக்கு மினுமினுத்த சட்டை ஒன்று கிடைக்கும்.

ஆகவே லண்டனில் இருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது என்று அறிந்தபோது, வீட்டில் அம்மாவுக்கு அடுத்தபடியாகச் சந்தோஷப்பட்டது நான்தான். அம்மா சாதகங்களைக் கொண்டுபோய்ப் பார்ப்பித்து வந்து, அநேகமாக எல்லாப் பொருத்தமும் சரி, இப்படி ஒரு பொருத்தம் லேசில் அமையாது என்று சாத்திரியார் சொன்னதைப் பலமுறை சொன்னார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அவர்கள் சித்தியைப் பார்த்தார்கள். கொழும்பில் அப்போது அதுதான் வழக்கம். தற்செயலாகச் சந்தித்த மாதிரி இரண்டு வீட்டாரும் பிள்ளையாருக்கு முன்னால் நிற்பார்கள்; சரிவராவிட்டால் ஒருவருக்கும் வெட்கமில்லை. சரிவந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்து கதைப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அம்மாவை நான் குறை சொல்லவில்லை. தாய் தகப்பன் இல்லாத தங்கை. அவருக்கு ஒரு வழி செய்துவிட வேண்டுமென்று அம்மா கும்பிடாத கோயில் இல்லை. ஆனால் சித்தியின் பரீட்சை அடுத்த மாதக் கடைசியில் இருந்தது. "ஒருக்கா எழுதிப் பாத்திட்டு ஓமெண்டு சொல்லுறன் அக்கா" என்று அவர் இரண்டு மூன்று முறை கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. "சோதினை வருசா வருசம் வரும். மாப்பிள்ளை வருவாரே?" கடைசிமுறை அதைக் கேட்டபிறகு சித்தி வந்து மேசையில் உட்கார்ந்து, செய்து முடித்த தாள் ஒன்றை அழித்துவிட்டுத் திரும்பச் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அம்மா எனக்கு உத்தரவு போட்டுவிட்டார். ஆட்கள் வரும்போது நான் கீழ்வீட்டு அன்ரியிடம் போய் ரீவி பார்க்க வேண்டும். இதில் புதிதாக ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் எதைக் கதைப்பதென்றாலும் முதலில் பிள்ளைகளை அப்புறப்படுத்துவார்கள். "அதோட இவளின்ர உந்தத் திருப்பல் வேலை வேற" என்று அம்மா தலையில் கை வைத்தார்.

ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சித்தி மடக்கு மேசையைத் தூக்கிவந்து முன்னறையில், சோபாவுக்குப் பக்கத்தில் விரித்தார். என்னுடைய வினாத்தாளை அதன்மேல் வைத்தார். பென்சிலைச் சீவித் தந்தார்.

"இவள் கீழ போனா ரீவிக்கு முன்னாலதான் இருப்பாள். சோதினை கிட்டுது, இஞ்ச இருந்து செய்யட்டும்" என்றார்.

அம்மா அடுப்படியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். கையில் எண்ணெய்க் கரண்டி. "வாய் திறக்கக்கூடாது, விளங்குதே?" என்று என்னை ஒரு பார்வை பார்த்ததோடு விட்டுவிட்டார். எனக்கோ சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. சித்தப்பாவை முன்வரிசையில் இருந்து பார்க்கப்போகிறேன்.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை, அவருடைய தாய், கொட்டாஞ்சேனையில் இருக்கும் அவருடைய பெரியப்பா. மூன்று மாடி ஏறி வந்ததில் பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியது. தாய் நல்ல மனுசி. வந்தவுடன் என் கன்னத்தைத் தடவினார். சித்தி தேத்தண்ணித் தட்டத்துடன் வந்து கொடுத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ரியூப் லைற்றைப் பார்த்தார், காற்றாடியைப் பார்த்தார், கடைசியில் என் வினாத்தாளைப் பார்த்தார்.

"என்ன படிக்கிறீங்கள்?"

"சோடிச் சொல்."

கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "களிறு... அதென்ன?"

"ஆண் யானை. உங்களுக்கு அதுவும் தெரியாதே?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை.

"நான் உங்களை மாதிரி இருக்கேக்கயே லண்டனுக்குப் போட்டன்" என்றார் அவர். "அங்க யானையும் இல்லை, களிறும் இல்லை."

அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. வாய் திறக்கக்கூடாது என்பது இரக்கம் வரும் இடத்துக்குப் பொருந்தாது என்று நினைத்தேனோ என்னவோ, திருப்பிப் பார்க்கும் முறை முழுவதையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மனுசன் கவனமாகக் கேட்டார். விரலை வைத்து வாசித்து, "சேவலின்ர சோடி பேடு. பேட்டின்ர சோடி சேவல். நிக்குது!" என்றார்.

"ஓம். நீங்கள் கெட்டிக்காரன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய தாய் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அம்மாவின் முகம் மலர்ந்தது. ரோல்ஸ் தட்டு இரண்டாவது சுற்று வந்தது. காரியம் பழுத்துவிட்டதென்று எனக்கே விளங்கியது.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "எழுத்தை வாற மாதமே வைச்சிடுவம். இவன் போக முந்திப் பதிவு முடிஞ்சாத்தான் விசா அலுவலைத் தொடங்கலாம்."

சித்தி கையிலிருந்த வெறும் தட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மெதுவாக, "தங்கச்சி ஒரு சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருக்கிறா..." என்று தொடங்கினார். அப்பா எதையும் தொடங்குவார், முடிக்கமாட்டார்.

"படிப்பு எங்களுக்கும் விருப்பம்தான்" என்றார் மாப்பிள்ளையின் தாய். குரலில் ஒரு குறையும் இல்லை, அன்பாகத்தான் சொன்னார். "ஆனா இவன் அங்கத்தை வேலையை விட்டிட்டு இஞ்ச வர ஏலாது. பொம்பிளைப் பிள்ளைதானே, இஞ்சத்தை அலுவலை விட்டிட்டு அங்க வரலாம்."

நான் அடுத்த கேள்வியில் இருந்தேன். தலையை நிமிர்த்தவுமில்லை. பழக்கதோசத்தில் வாய் தன்பாட்டில் சொன்னது.

"பொம்பிளை இஞ்சத்தை அலுவலை விட்டிட்டு அங்க வர ஏலாது. மாப்பிள்ளை அங்கத்தை வேலையை விட்டிட்டு இஞ்ச வரலாம்."

பிறகுதான் நிமிர்ந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரே மாணவரிடம் கேட்டேன். "நிக்குதே அங்கிள்?"

அந்த நேரம் பார்த்துக் கீழே ரயில் போனது. எங்கள் வீட்டில் ரயில் போகும்போது யாரும் கதைப்பதில்லை, கதைத்தாலும் கேட்காது. அன்று எல்லோருக்கும் அது உதவியாக இருந்திருக்க வேண்டும். கோப்பைகள் கிலுகிலுத்து ஓய்ந்தன. ரயிலும் தேய்ந்து போனது.

மாப்பிள்ளை முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். பெரியவர்கள் என்னுடைய கேள்வி ஒன்றுக்கு அவ்வளவு நேரம் யோசித்து அதற்கு முன் நான் கண்டதில்லை.

"இல்லைப் பிள்ளை" என்றார். "நிக்கேல்லை."

நான் தலையாட்டினேன். விடை சரி.

அவர் திரும்பி, வந்ததிலிருந்து முதல்முறையாகச் சித்தியை நேரே பார்த்தார். "உங்களுக்கு எப்ப சோதினை?"

"வாற மாதம் கடைசியில."

"கஷ்டமே?"

"கணக்குச் சுகம். உந்தச் சோடிச் சொல்தான் கஷ்டம்."

அவர்கள் இருவரும் தங்களுக்குள் கதைத்தது அவ்வளவுதான். "சின்னப் பிள்ளையள் உப்பிடித்தான்" என்று தாய் என் தலையைத் தடவினார். கை முதல் தடவியதை விடக் கொஞ்சம் பாரமாக இருந்தது. பெரியப்பா மழை வரும்போல இருக்கிறது என்றார். மூன்று பேரும் எழுந்தார்கள். "போட்டு வாறம், அறிவிக்கிறம்."

கதவைச் சாத்தியதும் அம்மா என் பக்கம் திரும்பினார். "உனக்கு வாய் சும்மா இராதே?"

"நான் பிழையாச் சொன்னனானே?"

சித்திதான் சொன்னார். "இல்லை. அவள் சரியாத்தான் சொன்னவள்." சொல்லிவிட்டு எச்சில் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அது போதும். சரியாகச் சொல்லியிருக்கிறேன், சித்தப்பாவும் என்னிடம் பாடம் படித்திருக்கிறார், இனிச் சட்டை தைக்கக் கொடுக்க வேண்டியதுதான்.

சில நாட்களில் அந்தச் சம்பந்தத்தைப் பேசிய தரகர் வந்தார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சாதகம் பொருந்தவில்லையாம் என்றார். அம்மா "அப்ப சரி" என்றார். அடுப்படியில் போய் வெகுநேரம் வெங்காயம் உரித்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் வெங்காயம் போட்டு எதுவும் சமைத்ததாக எனக்கு நினைவில்லை.

நான் அழுதேன். என் கேள்விக்கும் இதற்கும் தொடர்பிருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கிரகங்கள்தானே பொருந்தவில்லை? சனியின் வேலை என்று தரகர் வாயால் ஒரு சொல் வந்திருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றமாட்டேன் என்று அடம்பிடித்துத் தூணடியில் நின்றேன். "ஏன்டி?" என்று அம்மா கேட்க, "சனியோட கோவம்" என்றேன். அம்மா திகைத்துப்போய் நின்றார். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பிரகாரத்தின் மறுபக்கம் போய்விட்டார். அழுகிறார் என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் சனியை முறைத்தேன்.

சாதகப் பொருத்தம் அவர்கள் வருவதற்கு முன்பே பார்த்து முடிந்துவிட்டது, சாத்திரியார் சொன்னதை அம்மா வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் எனக்கு வளர்ந்த பிறகுதான் நினைவில் ஒன்று சேர்ந்தது. வேண்டாம் என்பதை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். பழியைக் கிரகத்தின் மேல் போட்டுவிட்டால் இரண்டு வீட்டாரும் கோயிலில் தொடர்ந்து சிரித்துக் கதைக்கலாம். வேண்டாம் என்றது தாயா, மகனா என்று இன்றுவரை தெரியாது. மகனாக இருக்கும் என்று ஒரு நாள் நினைப்பேன். மறுநாள் அது என் ஆசை மட்டும்தான் என்று படும்.

அம்மா சில கிழமைகள் சித்தியுடன் அளவாகத்தான் கதைத்தார். சித்தி பரீட்சை எழுதினார். அந்தமுறை கிடைக்கவில்லை. அப்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. அடுத்தமுறையும் எழுதினார், கிடைத்தது. இப்போது வவுனியாவில் ஒரு திணைக்களத்தில் பெரிய பதவி. பிந்தித்தான் என்றாலும் எனக்கொரு சித்தப்பாவும் வந்தார். நல்லாகத் தேத்தண்ணி போடுவார். அவர் போட்ட தேத்தண்ணியைக் குடித்தபடி சித்தி பேப்பர் பார்ப்பதை முதல் தடவை கண்டபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஏன் என்று சித்தப்பாவுக்குத் தெரியாது.

இவ்வளவையும் சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் கதையாகச் சொன்னேன். சோடிச் சொல்லில் ஒரு பயம் தெளியட்டும் என்றுதான் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு திடீரென்று நிறுத்திவிட்டு, "எங்கட வீட்டுக்கு ஆக்கள் வந்தா நீங்கள் என்னை உள்ளுக்க போகச் சொல்லுறனீங்கள்தானே? உங்களை மட்டும் ஏன் ஹோலில இருக்க விட்டவை?" என்று கேட்டாள்.

மேசை, என்றேன். மேசை அங்கே இருந்தது.

"மேசையை ஏன் அங்க கொண்டந்தவை?"

சித்தி படிக்கச் சொன்னார் என்று சொல்ல வாயெடுத்தேன். படிப்பதென்றால் அறைக்குள்ளேயே படித்திருக்கலாம். கதவைச் சாத்திவிட்டால் ஒரு சத்தமும் கேட்டிருக்காது. வீட்டில் யார் எதைச் சொன்னாலும் நான் திருப்பிச் சொல்வேன் என்பது சித்தியை விட யாருக்குத் தெரியும்? மகள் அதற்குள் வேறு கேள்விக்குப் போய்விட்டாள். நான்தான் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டேன்.

இந்த வருடத் தொடக்கத்தில், அவளுடைய பரீட்சைக்காக, நான் வங்கி வேலையை விட்டேன். இவரும் நானும் அவசரப்படாமல் ஆறுதலாக இருந்து கதைத்துத்தான் முடிவெடுத்தோம். இவரால் விட முடியாது, என்னால் விடலாம் என்று கண்டோம். சரியான முடிவுதான் என்று நினைக்கிறேன். அன்று நாங்கள் அந்த வசனத்தைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கவில்லை.

மகளுக்குக் கதை சொன்ன அன்று பின்னேரம் வவுனியாவுக்கு அழைப்பு எடுத்தேன். திருப்பிப் பார்க்கும் முறையை மகளுக்குச் சொல்லிக் கொடுப்பது சரிதானா என்று முதலில் கேட்டேன். "தாராளமாச் சொல்லிக் குடு" என்றார் சித்தி. "புத்தகத்தில இல்லாட்டி என்ன, நிக்குதுதானே?" கொஞ்சம் தயங்கி, அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை ஏன் முன்னறையில் கொண்டுவந்து இருத்தினார் என்றும் கேட்டேன்.

மறுமுனையில் சித்தப்பா எதையோ ஆற்றும் சத்தம் கேட்டது.

"எந்த ஞாயிற்றுக்கிழமை?" என்றார். பிறகு, "ஓ, அதே? அறைக்குள்ள வெளிச்சம் காணாது. அதான் மேசையை ஹோலுக்குக் கொண்டந்தனான்" என்றார். அதே மூச்சில், மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, பரீட்சை என்று பிள்ளையைப் போட்டு வருத்தாதே என்று கதையை வேறு பக்கம் கொண்டுபோனார். நானும் ஓம் சித்தி, ஓம் சித்தி என்றேன்.

போனை வைத்த பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று அவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டபோது, அழிறப்பரை எடுக்க நான் அறைக்குள் ஓடினேன். சித்தி கண்ணாடிக்கு முன்னால் நின்று சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். கடற்பக்கச் சன்னல் திறந்திருந்தது. அறை முழுக்க வெயில். கண் கூசி, ஒரு கையை நெற்றியில் மறைப்பாகப் பிடித்துக்கொண்டுதான் அவரால் என்னைத் திரும்பிப் பார்க்க முடிந்தது.

"ஓடு, ஓடு, போய் மேசையில இரு" என்றார்.